கூடார மேஸ்திரியை என்ன செய்யப் போகிறாய்

நான் எழுதாத ஒரு நாவலை நான்தான் எழுதுகிறேன் என்று என் அம்மா கொஞ்ச காலம் நம்பிக்கொண்டிருந்தாள். நம்பியதோடு விடவில்லை. அந்த நாவலில் வரும் சர்க்கஸ்காரி என்ன செய்கிறாளோ அதைத்தான் தன்னையும் செய்யச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள். அப்போது அவள் முன்னால் இருந்தது ஒரே கேள்வி. பந்தல் போடும் ஒருவரோடு சேர்ந்து வாழ்வதா, வேண்டாமா. அதற்கு என்னிடமிருந்து ஒரு பதில் வர வேண்டும் என்று காத்திருந்தாள். வாய்விட்டுக் கேட்கவில்லை. நானும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் என் குரல் அவள் காதுக்குள் பேசிக்கொண்டிருந்தது.

நாவல்களை வாசித்துப் பதிவு செய்வது என் தொழில். கைபேசியில் கதை கேட்கிறவர்களுக்காக ஒரு சிறு நிறுவனம் வாரம் ஒரு அத்தியாயமாக வெளியிடுகிறது. ஸ்டூடியோ என்றால் பெரிதாக நினைத்துக்கொள்வார்கள். தி. நகரில், கடைத்தெரு இரைச்சலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, பழைய அடுக்குமாடி வீடு ஒன்றின் படுக்கையறை அது. சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை. ஜன்னலைப் பலகை வைத்து அடைத்திருக்கிறார்கள். வாசிக்கும்போது ஏசியை நிறுத்திவிட வேண்டும், ஃபேனும் கூடாது. கஞ்சி போட்ட சட்டை போட்டுக்கொண்டு போகக் கூடாது, அசைந்தால் சரசரக்கும். வெறும் வயிற்றோடு போனால் வயிறு கத்துவது பதிவாகிவிடும். நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனால் மூச்சு வாங்கும். பாதி வயிற்றோடு, பழைய பனியனோடு, வியர்த்து வழிய உட்கார்ந்து, ராஜாக்களும் நாட்டியக்காரிகளும் காதலிப்பதை வாசிப்பேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா வீடுகளுக்கு வெள்ளையடித்தவர், பிற்காலத்தில் பெயின்ட். அம்மா அபிராமபுரத்தில் வீட்டு வேலை செய்கிறாள். பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் எண் தெரியும், கையெழுத்து என்று ஒன்று போடத் தெரியும், அதற்கு மேல் எழுத்தோடு அவளுக்குச் சங்காத்தம் இல்லை. மாநகராட்சிப் பள்ளியில் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்க என்னை நிறுத்தினார்கள். அங்கே பிடித்துக்கொண்டதுதான் இந்தத் தமிழ். கோட்டூர்புரத்தில் எங்கள் குடியிருப்பின் படியில் ஏறும்போது அதைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவேன். இல்லாவிட்டால் பையன்கள், "இன்னா மச்சி, நியூஸ் படிக்கிறியா?" என்பார்கள்.

ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்பவன் என் வயதுக்காரன், நண்பன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, நான் தவறினால் கையைத் தூக்குவான். என் குரலைப் பற்றி அவனுக்கு ஒரு கருத்து உண்டு.

"உன் வாய்ஸ்ல ஒண்ணுமே இல்ல மச்சி. அதான் ப்ளஸ். மத்தவனுங்க அழுதுகினே படிக்கிறானுங்க. நீ ரயில்வே ஸ்டேஷன்ல வண்டி லேட்டுன்னு சொல்றாப்ல படிக்கிற. கேக்குறவங்க அவங்கவங்க சோகத்தக் கொண்டாந்து அதுல ஊத்திக்கிறாங்க."

அவன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னான். எனக்கு அது வெறும் தகவலாக இருந்தது. அப்பா போனதிலிருந்து எதுவுமே எனக்கு அப்படித்தான் இருந்தது. மஞ்சள் காமாலை முற்றிப் போனார். மேளம் அடித்தார்கள், பூ இறைத்தார்கள், சித்தப்பாக்கள் சாராய வாசனையோடு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். செருப்பில்லாமல் மத்தியானத் தார் ரோட்டில் உள்ளங்கால் சுட்டது. அது ஒன்றுதான் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு பசித்தால் சாப்பிட்டேன், தூக்கம் வந்தால் தூங்கினேன், வேலைக்குப் போனேன். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் விரலுக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. அந்த மாதிரி.

பந்தல்காரர் அம்மாவுக்குப் பழக்கமானது அபிராமபுரத்தில்தான். அவள் வேலை செய்யும் வீட்டு மாமியின் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தபோது, வாசலில் சாமியானா போட வந்தவர் அவர். மனைவி இறந்து பல வருஷம் ஆகிறது. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். மயிலாப்பூரில் ஒரு பந்தல் கான்ட்ராக்டரிடம் வேலை. இதெல்லாம் அம்மா ஒருநாளும் எனக்குச் சேர்த்துச் சொன்னதில்லை. சாம்பாரைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று, மழையைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று என்று விழுந்ததுதான்.

ஒருநாள் சாயங்காலம் நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். கோட்டூர்புரம் பாலத்தில் அம்மா நடந்து போய்க்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவர், தன் டிவிஎஸ் வண்டியில் உட்காராமல் அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். அம்மாவின் ஒயர் கூடை வண்டியின் ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளை ஏற்றிக்கொண்டு போனால் இரண்டு நிமிஷத்தில் வீடு. வண்டி வைத்திருக்கிற மனிதர் பாலம் முழுக்க அதைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார் என்றால் அதற்கு ஒரு காரணம்தான் இருக்க முடியும். பஸ் அவர்களைத் தாண்டிப் போனது. எனக்குள் ஏதாவது வருகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இன்னைக்கு நடந்தே வந்துட்டேன்" என்றாள்.

"ம்" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, குழம்பைக் கிளறிக்கொண்டே, "அக்கம் பக்கத்துல எதனா பேசுனா நீ இன்னாடா சொல்வ?" என்று கேட்டாள்.

"எதப் பத்தி?"

"எதப் பத்தியோ."

"ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கரண்டியைக் குழம்பிலேயே விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன். அவள் என்னிடம் கேட்டது அவ்வளவுதான், நான் சொன்னதும் அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் சர்க்கஸ் நாவல் எங்களிடம் வந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கதை. ஊர் ஊராக ரயிலிலும் மாட்டு வண்டியிலும் போகும் ஒரு சர்க்கஸ். அதில் ஓடும் குதிரையின் முதுகில் நின்று வித்தை காட்டுகிறவள் கதாநாயகி. புருஷன் மேலே ஊஞ்சலிலிருந்து விழுந்து இறந்துவிட்டான். வளர்ந்த மகன் ஒருவன், சர்க்கஸ் முதலாளியிடம் எழுத்து வேலை பார்க்கிறான். ஒவ்வொரு ஊரிலும் முதலில் போய் இறங்கி, மண்ணை மிதித்துப் பார்த்து, முளை அடித்துக் கூடாரத்தைத் தூக்குகிற மேஸ்திரிக்கு அவள் மேல் பிரியம். அவளுக்கும்தான். எழுதியவர் வெளியூர்க்கார அம்மா. நான் பார்த்ததில்லை. நாவல் முழுக்க யானை லத்தியும் மரத்தூளும் மல்லிகைப்பூவும் மணக்க மணக்க எழுதியிருந்தார். நான் அதையும் வண்டி லேட்டு என்று சொல்வதைப் போலத்தான் வாசித்தேன்.

விதவை, வளர்ந்த மகன், கூடாரம் போடுகிறவர். வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் உடனே தெரியும். எனக்குத் தெரியவில்லை. வரியைப் பார்க்கிறவன் கதையைப் பார்ப்பதில்லை. எங்கே மூச்சு எடுக்கலாம், எந்தச் சொல்லில் நாக்கு இடறும் என்றுதான் என் கண் போகும்.

அம்மாவின் கைபேசியில் எங்கள் நிறுவனத்தின் செயலியை ஏற்றிக் கொடுத்தது அபிராமபுரத்து மாமி. "உன் பிள்ளை குரல் எங்காத்துல எல்லாருக்கும் பிடிச்சிருக்குடி. பாத்திரம் தேய்ச்சுண்டே கேளு, வேலை தெரியாது" என்று சொன்னாராம். அம்மா பாத்திரம் தேய்க்கும்போது கேட்டாள், துணி மடிக்கும்போது கேட்டாள், ஒரே அத்தியாயத்தை அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் திரும்பத் திரும்பக் கேட்டாள். சில சமயம் நான் வீட்டுக்குள் நுழையும்போது உள்ளே நானே பேசிக்கொண்டிருப்பேன். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிடுவாள்.

"அந்தக் குதிரக்காரி பாவம்டா" என்றாள் ஒருநாள். "பாத்துப் பண்ணு."

சரியாக வாசிக்கச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, "பண்றேன்" என்றேன்.

இன்னொரு நாள், "அந்தப் புள்ளையாண்டான் ஏண்டா வாயே தொறக்க மாட்டேங்கிறான்? ஆயி மூஞ்சப் பாத்து ஒரு வார்த்த பேசினா கொறஞ்சா போய்டுவான்?" என்றாள். கதையில் மகன் அதிகம் பேசுவதில்லை, உண்மைதான்.

"அவனுக்கு அவ்ளோதான் டயலாக்" என்றேன்.

அம்மா வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அந்த அத்தியாயம் வந்தது. நள்ளிரவு மழையில் கூடாரத்தின் கயிறுகளை இறுக்கிவிட்டு வந்து நிற்கும் மேஸ்திரியிடம் குதிரைக்காரி, "இனி என் கூடாரத்தின் பக்கம் வராதீர்கள். என் மகனுடைய மௌனத்தை என்னால் தாண்ட முடியவில்லை" என்கிறாள். நான் அதை ஒரே டேக்கில் முடித்திருந்தேன். நண்பன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டிருந்தது, கீழே போய் எலுமிச்சை ஜூஸ் குடிக்க வேண்டும் என்பதை.

அதற்கு மறுநாளிலிருந்து அம்மா பஸ்ஸில் வர ஆரம்பித்தாள். சீக்கிரம் வந்துவிடுவாள். வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். சோற்றில் உப்பு இருக்காது. ஒருநாள் ரசத்தில் புளியே இல்லை, வெறும் மிளகுத் தண்ணீர். நான் சாப்பிட்டேன். அவளும் சாப்பிட்டாள். கதையைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்திருப்பாள்.

பந்தல்காரர் என்னைப் பிடித்தது மயிலாப்பூரில். குளத்தை ஒட்டிய தெருவில் ஒரு வேலையாகப் போய்க்கொண்டிருந்தேன். இரும்புக் குழாய்கள் ஏற்றிய மூன்று சக்கர வண்டியின் பக்கத்திலிருந்து, "தம்பி" என்று ஒரு குரல். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் கயிற்றுச் சுருளோடு நின்றார்.

"டீ சாப்புடு வா."

"இல்லண்ணே, இப்பதான் சாப்ட்டேன்."

"இன்னொண்ணு சாப்புடு. ஒண்ணு கேக்கணும். ரோட்ல நிக்க வச்சிக் கேக்குற விசயம் இல்ல."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். அம்மாவைப் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று தயாராக இருந்தேன்.

"அந்தக் கூடார மேஸ்திரிய இன்னா பண்ணப் போற?" என்றார்.

"எந்த மேஸ்திரி?"

"உன் கதைல வர்றாரே, அவருதான். உங்கம்மா ஃபோன்ல போட்டுக் காமிச்சிது. அப்பறம் நானும் என் ஃபோன்ல ஏத்திகினேன். மேல ஏறிக் கட்டச்சொல்ல காதுல மாட்டிப்பேன். நல்லாத்தான போய்க்கினு இருந்துது. திடீர்னு அந்தம்மா, இந்தப் பக்கம் வராதன்னுச்சி. மறுநா பாலத்தாண்ட போய் நிக்கிறேன், உங்கம்மா வரல. அதுக்கு மறுநாளும் வரல. ஃபோன் பண்ணா எடுக்கல. அப்பறம் எடுத்துச்சி. எடுத்து இன்னா சொல்லிச்சி தெரியுமா? 'எம் புள்ள இன்னா சொல்லிட்டான்னு நீயும்தான கேட்ட. இன்னும் இன்னாத்துக்கு ஃபோனு'ன்னுச்சி."

எனக்கு அது உள்ளே போய்ச் சேர நேரம் பிடித்தது. டீயின் மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது. அதை விரலால் ஒதுக்கினேன்.

"அது நா எழுதினது இல்லண்ணே."

அவர் சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. "சரி, நீ எழுதல."

"நெஜமாவே. வேற ஒருத்தவங்க எழுதினது. நா படிக்க மட்டும்தான் செய்றேன்."

"கொரலு உன்துதான?"

"குரல் என்துதான்."

"அப்பறம் இன்னா." கடைசியில் ஒரு வாய் டீ குடித்தார். "பாரு தம்பி, எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. உன் எடத்துல நா இருந்தாலும் நேரா சொல்ல வாய் வராது. கதையாத்தான் சொல்லுவேன். என்ன, எனக்குக் கதை சொல்ல வராது. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிடு. மேஸ்திரி செத்துடுவானா? செத்தாலும் பரவால்ல. முன்னாடியே சொல்லிடு, நா மேல நிக்கசொல்ல கேக்க மாட்டேன்."

கடைக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"சாவ மாட்டாரு" என்றேன்.

"அப்ப சேந்துடுவாங்களா?"

கடைசி அத்தியாயத்தை நான் ஏற்கெனவே படித்திருந்தேன். சர்க்கஸ் கப்பலேறிப் பர்மாவுக்குப் போகிறது. குதிரைக்காரி போகிறாள். மேஸ்திரி துறைமுகத்தில் நிற்கிறார். திரும்பி நடக்கிறார், அவ்வளவுதான். நான் ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, டீ கிளாஸை வைத்துவிட்டு, "சரி, வேல கீது" என்று எழுந்து போனார்.

கடைசி அத்தியாயத்தின் பதிவு அந்த வாரத்திலேயே இருந்தது. மெத்தை அறைக்குள் போவதற்கு முன்னால் நண்பனிடம், "முடிவ மாத்த முடியுமாடா?" என்று கேட்டேன்.

"நீ கேட்டதுக்கே எனக்கு ஜொரம் வருது மச்சி. போன புக்குல நீ ஒரு வரிய உட்டுட்டுப் படிச்சல்ல, எழுதுனவரு கண்டுபுடிச்சி அர மணி நேரம் என்னப் பேசுனாரு. எதுக்கு மாத்தணும்?"

"எங்கம்மாவுக்குப் புடிக்காது."

"எங்கம்மா நா இங்க வேல செய்றேன்னே நம்ப மாட்டேங்கிது. ஏசி ரூம்ல ஒக்காந்து தூங்குறேன்னு நெனச்சிகினு கீது. உள்ள போ."

உள்ளே போய் உட்கார்ந்தேன். "கப்பலின் சங்கு ஊதியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை" என்று வாசித்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. அது என்னுடைய நாவல் இல்லை, மாற்ற எனக்கு உரிமையும் இல்லை. ஹெட்ஃபோனில் என் குரலை முதல் முறையாகக் கவனித்துக் கேட்டேன். யாருடைய துக்கத்தையும் ஊற்றிக்கொள்ளத் தோதான காலிப் பாத்திரம். அம்மா இத்தனை வாரமாக இதற்குள் என்னைத் தேடியிருக்கிறாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் சங்கு ஊதுகிற வரியில் நாக்கு இடறி, மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. கொஞ்சம் வெந்நீர் குடித்ததும் சரியாகிவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் அந்த அத்தியாயம் வெளியாகிவிடும். அம்மா வாசல் நடையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நொச்சிக்குப்பத்தில் வாங்கியது, தலையைக் கிள்ளிக் கிள்ளிக் காகிதத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"நாளைக்குக் கடைசி" என்றேன்.

"தெரியும். மாமி சொல்லிச்சி. முடிவ எனக்குச் சொல்லாத, நா கேட்டுக்கிறேன்."

"ம்மா, அந்தக் கதைய நா எழுதல."

"சரிடா."

"இல்லம்மா. நெஜமாவே எழுதல. எந்தக் கதையும் நா எழுதல. யாரோ எழுதறாங்க. நா படிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மொதல்ல ஒரு பேர் சொல்றேன் பாரு, எழுதியவர்னு. அவங்க எழுதினது."

"அது சினிமாவுல பேர் போடறாப்ல." தலையைக் கிள்ளுவது நிற்கவில்லை. "யாராருக்கோ நன்றி சொல்வாங்களே, அதுதான?"

"இல்ல. அவங்கதான் எழுதினாங்க. அவங்களுக்கு உன்னத் தெரியாது. என்னையும் தெரியாது. நம்ம அப்பாவத் தெரியாது."

அம்மாவின் கை நின்றது. "உங்கப்பாவுக்கு வந்த நோவ மாத்தி, கீழ வுழுந்து செத்தான்னு எழுதினது?"

"அது அவங்க கதைல அப்படி."

"அந்தப் புள்ள? எழுத்து வேல பாக்குற புள்ள?"

"அதுவும் கததான்மா."

காகிதத்தின் பக்கத்தில் ஒரு பூனை வந்து நின்றது. அம்மா அதை விரட்டவில்லை. அது ஒரு தலையைக் கவ்விக்கொண்டு போயிற்று.

"அப்ப நீ எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல" என்றாள்.

"இல்ல."

"ஒரு வார்த்தகூட."

"இல்லம்மா."

"நா ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும், எம் புள்ள படிச்சவன், மூஞ்சப் பாத்துப் பேச வெக்கப்பட்டுகினு இதுல பேசுறான்னு நெனச்சிகினு இருந்தேன். மாமியாண்டகூட சொன்னேன். அது சிரிச்சிகினே போய்டுச்சி. ஏன் சிரிச்சிதுன்னு இப்பதான் தெரிது." மீன் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு நேராக என்னைப் பார்த்தாள். "சரி. இப்ப சொல்லு."

மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தால் அடுத்த வரி திரையில் இருக்கும். யாரோ யோசித்து, அடித்துத் திருத்தி, சரி பார்த்து வைத்த வரி. இங்கே ஒன்றும் இல்லை. எதிரே அம்மா. அவளுக்குப் பின்னால் பாதி பெயின்ட் உதிர்ந்த சுவர், அப்பா அடித்தது.

"எனக்குச் சொல்லத் தெரிலம்மா. அப்பா போனதுலேர்ந்து எனக்கு எதுவும் உள்ள போவல. உன்னையும் அவரையும் பாலத்துல பாத்தேன். கோவம் வருதான்னு பாத்தேன், வரல. சந்தோசம் வருதான்னு பாத்தேன், அதுவும் வரல. அதனால வேணாம்னு நா நெனக்கிறேன்னு நீ நெனச்சிக்காத. உள்ள அந்த எடம் வேல செய்யல, அவ்ளோதான். ஆனா நீ பஸ்ல வர ஆரம்பிச்சதுலேர்ந்து வூடு நல்லால்ல. அது தெரிது."

"உப்பு இல்லன்றியா?"

"உப்பும்தான்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

"அந்தாளு வந்தா இங்கதான் வரணும். அங்க அவரு தங்குறது குடோன். துணிங்களோட துணியா படுத்துகினு கீறாரு. இங்க வந்தா, அக்கம் பக்கம் பேசும். உன் சித்தப்பனுங்க வந்து குதிப்பானுங்க. உனக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க கேப்பாங்க, இவரு யாருன்னு. எல்லாம் யோசிச்சியா?"

"இப்பதான் யோசிக்கிறேன்."

"யோசிச்சிட்டுச் சொல்லு. வரட்டுமா, வேணாமா?"

"வரட்டும்."

நான் சொன்னது எனக்கே கேட்டது. ரொம்பச் சாதாரணமாக இருந்தது, டிக்கெட் கேட்பதைப் போல. அம்மா அதை நம்பலாமா வேண்டாமா என்பதைப் போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டச் சொன்னாப் பத்தாது. அவராண்ட நீயே போய்ச் சொல்லு. நா கூப்ட்டா, புள்ள மனசுல இன்னா கீதோன்னு வாசல்லயே நிப்பாரு. நீ கூப்ட்டாத்தான் உள்ள வருவாரு. நாளைக்குக் கத வர்றதுக்குள்ள போ. அதக் கேட்டுட்டா அந்தாளு அவ்ளோதான், வண்டியத் திருப்பிகினு போய்டுவாரு."

"அதான் எழுதினது நா இல்லன்னு அவராண்ட சொல்லிட்டனே."

"எங்கிட்ட சொன்னாப்லதான சொல்லியிருப்ப. அந்தாளு எங்க நம்பியிருக்கப் போறாரு" என்றாள்.

மறுநாள் காலையில் சீக்கிரமே மயிலாப்பூருக்குப் போனேன். முன்பு பார்த்த அதே தெருவில்தான் வேலை நடந்துகொண்டிருந்தது. யாருடைய வீட்டிலோ கல்யாணம். வாசலிலிருந்து தெருவின் பாதி வரைக்கும் குழாய்கள் நட்டு, மேலே மஞ்சளும் வெள்ளையுமாகத் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஏணியின் உச்சியில் நின்று, குழாயோடு துணியைக் கட்டிக்கொண்டிருந்தார். காதில் ஒயர் தொங்கியது. கேட்க ஆரம்பித்துவிட்டாரோ என்று பார்த்தேன். கீழே நின்று, "அண்ணே" என்றேன். கேட்கவில்லை. மைக்குக்குப் பக்கத்தில் பேசிப் பேசிப் பழகிய குரல், இரண்டடிக்கு மேல் போகாது.

"அண்ணே" என்று கத்தினேன். தெருவில் போன பால்காரர் திரும்பினார். மேலே வேலை செய்துகொண்டிருந்த மற்ற இரண்டு பேரும் திரும்பினார்கள். அவர் காதிலிருந்து ஒயரை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இன்னா தம்பி, இவ்ளோ காலைல? அம்மா நல்லாக்கீதா?"

"நல்லாக்கீது. கத கேட்டுட்டீங்களா?"

"இல்ல, பாட்டு கேட்டுகினு கீறேன். கதைய கீழ எறங்குனப்பறம் கேக்கலாம்னு வச்சிகினேன். நீதான் அன்னைக்கு ஒண்ணும் சொல்லலியே."

"அத வுட்டுடுங்க. அது யாரோட கதையோ. வூட்டுக்கு வரச் சொல்ல வந்தேன்."

அவர் கையில் இருந்த கயிறு அப்படியே நின்றது. "யாரு வரச் சொன்னது? அம்மாவா?"

மற்ற இரண்டு பேரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இன்னொருவனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

"நா" என்றேன். பிறகு, அது கேட்டிருக்காதோ என்று மறுபடி இன்னும் உரக்க, "நாந்தாண்ணே வரச் சொல்றேன். துணிமணியெல்லாம் எடுத்துகினு வாங்க" என்றேன்.

மேலே இருந்தவர்களில் ஒருவன், "அப்ப எங்களுக்குப் பிரியாணி உண்டா நைனா?" என்றான்.

"வாய மூட்றா" என்றார் அவர். அவன் பக்கம் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரம் குழாயைப் பிடித்துக்கொண்டு, தெருவின் மறுமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு எதுவும் தோன்றவில்லை. கழுத்து வலித்தது, அண்ணாந்தே நின்றதில். வெயில் இன்னும் ஏறவில்லை. அவர் பாதியில் விட்ட கயிற்றை எடுத்து, துணியை இழுத்துப் பிடித்து, முடிச்சுப் போட்டு, போட்ட முடிச்சை ஒரு முறை ஆட்டிப் பார்த்தார்.

"எறங்குறேன்" என்றார். "ஏணி ஆடும். புடிச்சிக்க."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மூங்கில் ஏணி, நடுவில் வளைந்தது. அவர் ஒரு படி இறங்க, அவருடைய கனம் என் உள்ளங்கைக்கு வந்து, அடுத்த படியில் போய், மறுபடி வந்தது. கடைசிப் படி வரைக்கும் கையை எடுக்காமல் நின்றேன்.